வெந்நீர் ஊற்றாதீர்கள்

தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவர் அவர்களே! வெற்றிலை பாக்கு நீட்டி என்னை வாசலிலேயே வரவேற்ற பெரியோர்களே! சோளக்கஞ்சியை அடுப்பில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! பேரம் பேசிப் பேசியே இந்த உப்பு வியாபாரியை உருவாக்கிய பெருமக்களே! வணக்கம்.

கடல் கடந்து கப்பல்கள் நம் தீமோருக்கு வந்தது எதற்காக? சோளத்துக்காகவா? மாட்டுக்காகவா? இந்த வறண்ட காட்டில் விளைந்த வாசனைக்காக! அந்தச் சந்தனம் இன்று எங்கே? வெட்டித் தீர்த்தார்கள் என்கிறோம். வெட்டியது பாதி. மீதியை முளையிலேயே முடித்தது யார்? நாம்! வெறுப்பாலா? இல்லை, பயத்தால்! நம் நிலத்தில் முளைத்தாலும் மரம் அரசுக்கு. அது பட்டுப்போனால் தண்டனை நமக்கு. அன்றைய சட்டம் அப்படி. இரண்டு இலை விட்டதுமே வெந்நீர் ஊற்றினோம். பேய்மரம் என்று பேரும் வைத்தோம். சட்டம் மாறிவிட்டது, இன்று மரம் நமக்கே. நம் கைதான் மாறவில்லையே!

அதோ அமர்ந்திருக்கிறாரே யுப்லினா அம்மையார், அவர் கணவர் தம் கொல்லையில் காற்றில் சாய்ந்த ஒரு சந்தனத்துக்காகச் சிறை சென்றவர். அவர் காலமான பின் அதே கொல்லையில், துவரைச் செடிக்குப் பக்கத்தில், ஒரு கன்று முளைத்தது. கணவரின் அண்ணன் மெல்கியோர் கொதிக்கும் கெண்டியோடு வந்துவிட்டார். உப்பு மூட்டையோடு நானும் அங்கே நின்றேன்.

"என் தம்பிய உள்ள தள்ளுன மரம் இது. தள்ளி நில்லு" என்றார்.

அம்மையார் நகரவில்லை. "மரமா வந்து அவரக் கூட்டிட்டுப் போச்சு, அத்தான்? கெண்டிய இப்படிக் குடுங்க. காப்பி போடுறேன். உப்புக்காரரும் வெயில்ல நிக்கிறாரு."

காப்பி வந்தது. சர்க்கரைதான் இல்லை! சிரிக்கிறீர்கள், கன்று பிழைத்தது. இன்று அது காய்த்துக் குலுங்குகிறது. பறவைகள் அதன் விதைகளை உங்கள் கொல்லைகளில் எல்லாம் போட்டிருக்கின்றன.

என்ன சொல்கிறீர்கள் பின்வரிசையில்? வளர்ந்ததும் வாங்க வருவது நான்தானே என்கிறீர்களா? நான் வியாபாரி, மறைக்கவில்லை. ஆனால் சந்தனம் வயிரம் பாய முப்பது வருஷம் ஆகும். அன்று விலை கேட்டு என் பேரன் வருவான். உங்கள் பேரன்கள் அவனை நன்றாகக் கசக்கிப் பிழியட்டும்!

நட வேண்டாம். உரம் வேண்டாம். செலவு வேண்டாம். சும்மா விடுங்கள்! சுத்தம் செய்கிறேன் என்று பக்கத்துச் செடியையும் பிடுங்காதீர்கள். அடுத்த செடியின் வேரைப் பற்றித்தான் சந்தனம் வாழும். தனியே விட்டால் சாகும். ஊரும் அப்படித்தானே? ஒரு வீடு காத்து, ஒன்பது வீடு ஊற்றினால், காடு எங்கிருந்து வரும்?

மெல்கியோர் ஐயா எழுந்து நிற்கிறார். அமைதி, அமைதி. சொல்லுங்கள் ஐயா.

"என் வேலியோரமும் ஒண்ணு மொளச்சிருக்கு. தெனமும் பாத்துட்டுத்தான் போறேன். இருந்துட்டுப் போகட்டும்."

கேட்டீர்களா? இதற்கு மேல் இந்த மேடையில் எனக்கு வேலை இல்லை. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. உங்களுக்கும், அந்த வேலியோரக் கன்றுக்கும் என் வணக்கம்.