பெயரை நகல் எடுக்காதே

உங்கள் காவல் நிலையத்துக் காபி பரவாயில்லை. எங்கள் அலுவலகத்தில் கிடைப்பது கழுநீர். த்ரொண்ட்ஹெய்மில் மழை விடாத வாரத்தில் அதையும் குடித்துத்தான் தீரவேண்டும்.

டிரைவர் என்று நான் சொல்வது வண்டி ஓட்டுகிறவரை அல்ல, திரையில் எழுத்தும் படமும் வரைய வைக்கிற நிரலை. மருத்துவமனையின் நிரல் ஒரு நோயாளியின் பெயரைக் காட்டச் சொல்லும். எங்கள் கைக்கு வருவது பெயரல்ல, நினைவகத்தில் அது இருக்கும் இடத்தின் முகவரி. வேலை முடிந்ததும் அவர்கள் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவார்கள். அதனால் பெயரை உடனே நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். முகவரியை மட்டும் நம்பி அப்புறம் போய்ப் பார்த்தால், அங்கே வேறு யாராவது குடியிருப்பார்கள்.

பெயர் காட்டும் புதிய பகுதியை எங்கள் குழுவின் சுன்னிவா நகல் எடுத்துத்தான் எழுதியிருந்தாள். சரிபார்த்தவன் நான்.

"இந்த நகல் எதுக்கு? பேரை ஆஸ்பத்திரிக்காரங்களே வச்சிருப்பாங்க."

"நாலு எழுத்துக்குப் போய் இவ்வளவு கஞ்சத்தனமா, ஒட்வர்? அவங்க பாதியில அழிச்சுட்டா என்ன பண்றது?"

"அழிக்க மாட்டாங்க. நான் பேசிட்டேன்."

நான் யாரிடமும் பேசவில்லை. அவள் என்னை நம்பி, அந்த வரியை நீக்கினாள்.

அந்த டிரைவரை முதல் வரியிலிருந்து எழுதியவன் நான். ஆனால் அவளைத்தான் குழுத் தலைவி ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு. சாப்பாட்டு மேசையில் எதற்கெடுத்தாலும் "சுன்னிவாகிட்ட கேளு" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சோதனை நாளில் எல்லோர் முன்னிலும் திரையில் குப்பை எழுத்து வரட்டும், அவள் கொஞ்சம் அசடு வழியட்டும் என்று நினைத்தேன்.

வரவில்லை. எல்லாம் ஒழுங்காக ஓடியது. நான் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் வாஃபிள் சுடுவார்கள் அல்லவா, அவள்தான் மாவு கரைத்து, முதல் வாஃபிளை எனக்கு வைத்தாள். நன்றாக இருந்தது.

பிறகு அந்த டிரைவர் மருத்துவமனையின் இதய நோய்ப் பிரிவுக்குப் போனது. அங்கே படுத்திருந்த போர்கில்ட் அம்மாவின் இதயம் நின்றபோது மணி அடித்தது. திரையிலோ வேறொருவரின் பெயர். செவிலியர்கள் அந்தப் பெயருக்குரியவரின் அறைக்கு ஓடினார்கள். அவர் உட்கார்ந்து தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

இப்படி ஆகும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். காலியான இடத்தில் பெரும்பாலும் அதே அளவுள்ள அடுத்த பெயர்தான் வந்து உட்காரும். குப்பை எழுத்தைவிட அது மோசம், பார்த்தால் சரியாகவே தெரியும்.

நேற்று சுன்னிவா இங்கே அழுதாளாம். பாவம். அவளைக் காப்பாற்றத்தான் நான் வந்தேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறிக்கையைக் காலையில்தான் படித்தேன். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி: மூத்த பொறியாளர் இந்தப் பிழையைக் கவனிக்கத் தவறினார்.

மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள். நான் எதையும் கவனிக்கத் தவறுகிறவன் இல்லை.