நடுவை விடாதவன்

இரவு பதினொன்றரை. உறைந்த ஏரியின் மேல் போகும் பாதை. ஒரே ஒரு வண்டி.

ஓட்டியவன் லோர்ன் ஃபெடக். எமிலின் மைத்துனனுக்குப் பெரியப்பா மகன். எமில் இந்தக் கதையைச் சொன்ன இடமும் அதே ஏரியின் மேல்தான், ஒரு மீன்பிடிக் குடிசைக்குள். பலகைச் சுவர், தகர அடுப்பு, தரையில் பனிக்கட்டியைக் குடைந்த துளை. துளைக்குள் கறுப்புத் தண்ணீர். எமில், ரஸ், ரஸ்ஸின் மனைவி கோனி, மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். வெளியே காற்று.

"லோர்னா?" என்றாள் கோனி. "டெர்காச் வீட்டுல இருக்கானே, அவனா?"

"பாத்தியா. நீயும் அப்படித்தான சொல்ற. வினையே அங்கதான் ஆரம்பிச்சுது," என்றான் எமில்.

அந்த வீட்டின் கூரையை மாற்றியவன் லோர்ன். குழாய்களை மாற்றியவன் லோர்ன். எட்டு வருடமாக வரி கட்டுகிறவனும் அவனே. ஊருக்கு அது டெர்காச் வீடு.

மைரான் டெர்காச் பனி ஹாக்கியில் தடுப்பாட்டக்காரன். அந்த ஊரிலிருந்து பெரிய லீக்குக்குப் போன ஒரே ஆள். அவன் போட்ட கோல் எதுவும் யாருக்கும் ஞாபகமில்லை. அவன் மேல் மோதி விழுந்தவர்கள் அவனை மறக்கவில்லை. இரண்டாவது சீசனில் எவனோ ஒருவனின் மட்டை நுனி அவன் இடது கண்ணில் இறங்கியது. இருபத்து மூன்று வயதில் ஆட்டம் முடிந்தது. ஊருக்கு வந்தான். பனி தள்ளும் வண்டி ஓட்டினான். டார்லீனைக் கட்டினான். நாற்பது ஆவதற்குள் ஒரு காலையில் சமையலறையில் விழுந்தான். எழவில்லை.

இரண்டு வருடம் கழித்து டார்லீன் லோர்னைக் கட்டினாள்.

காபிக் கடையில் லோர்ன் உட்கார்ந்தால் பேச்சு எப்படியாவது மைரானிடம் போய்விடும். "அவன் தோள் பட்டு எனக்கு ரெண்டு பல்லு போச்சுப்பா," என்று ஒருவன் பெருமையாக வாயைத் திறந்து காட்டுவான். பிறகு லோர்ன் இருப்பதைப் பார்த்து வாயை மூடுவான். அது இன்னும் மோசம்.

டார்லீன் மைரானைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால் சண்டையாவது போடலாம்.

லோர்னும் ஆடியவன்தான். பையனாக இருந்தபோது இருவரும் ஒரே அணி. லோர்ன் முன்வரிசை. பயிற்சியில் தினமும் மைரானைத் தாண்டிப் போக வேண்டும். மைரான் பின்னோக்கிச் சறுக்குவான், முகத்தை இவன் பக்கம் வைத்து. இவன் மட்டையிலிருக்கும் வட்டைப் பார்க்கமாட்டான், நெஞ்சைப் பார்ப்பான். நடுவை மட்டும் விடமாட்டான். ஓரத்தில் கொஞ்சம் வழி விடுவான். அந்த வழியை நாமே கண்டுபிடித்ததாக நினைத்துப் பாய்வோம். அப்போது மெல்லச் சொல்வான். சிரிக்கமாட்டான்.

"வா, வா... எடம் இருக்கு பாரு."

முதலில் களத்தோரப் பலகைச் சுவர் வரும். பிறகு அவன் தோள் வரும்.

அந்தக் குளிர்காலம், ஊர்ச் சறுக்குக் களமான ரிங்கின் கமிட்டிக்காரர்கள் அங்கே மைரான் நினைவாக ஒரு கண்ணாடிப் பெட்டி வைப்பதாக முடிவு செய்தார்கள். சனிக்கிழமை விழா. அவனுடைய இரும்பு விளிம்பு வைத்த ஸ்கேட் காலணிகளும் கையுறைகளும் வேண்டும் என்றார்கள். டார்லீன் பரணிலிருந்து எடுத்து வந்து சமையலறை மேசையில் வைத்தாள்.

லோர்ன் வந்தபோது வீடு முழுக்க அந்த வாசனை. பழைய தோல், வேர்வை, தைலம்.

டார்லீன் ஒரு கையுறைக்குள் கையை விட்டிருந்தாள். உள்ளங்கைத் தோல் தேய்ந்து கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக அவள் விரல் நுனிகள் வெளியே தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை லோர்ன் எட்டு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"என்ன பண்ற?"

"காய வைக்கிறேன். ஈரமா இருக்கு."

"பத்து வருஷமா பரண்ல கெடந்தது. எப்படி ஈரமாகும்?"

"தொட்டுப் பாரேன்."

அவன் தொடவில்லை.

"குடு. நானே ரிங்க்ல வச்சுட்டு வரேன்."

"இந்நேரத்துலயா?"

"ரிங்க் சாவி ஒண்ணு என்கிட்டதான இருக்கு."

அவள் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். வாசல் வரை வந்தாள்.

"பத்திரம், லோர்ன்."

எதைப் பத்திரம் என்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டியைக் கிளப்பும்வரை அதையே நினைத்தான்.

ரிங்க் இடப்பக்கம். ஏரி வலப்பக்கம். வலப்பக்கம் திருப்பினான்.

ஏரியில் இறங்கியதும் எல்லோரும் செய்வதைச் செய்தான். சீட் பெல்ட்டைக் கழற்றினான். ஜன்னல் கண்ணாடிகளை இறக்கினான். பனி உடைந்தால் வெளியே வர வழி வேண்டும். குளிர் மூக்கை அறுத்தது. பாதைக்கு இருபுறமும் அடையாளத்துக்கு நட்ட ஸ்ப்ரூஸ் மரக்கிளைகள். அவற்றைத் தாண்டினால் பிளவுகள் உண்டு. அது ஊருக்கே தெரியும்.

ஏரி மேல் இருந்த தன் மீன்பிடிக் குடிசைக்குப் போனான். துளையில் படிந்திருந்த மெல்லிய பனியை உடைத்தான். முதலில் ஸ்கேட்டுகள். ஒன்று... இன்னொன்று. நேராக இறங்கின. ஒரு குமிழிகூட வரவில்லை.

பிறகு கையுறைகள். முதலாவது ஊறிப்போய் அமிழ்ந்தது. இரண்டாவது அமிழவில்லை.

உள்ளங்கை மேலே பார்க்க மிதந்தது. எதையோ கேட்பது போல.

பனி அள்ளும் கரண்டியால் அழுத்தினான். உள்ளே போனது. கரண்டியை எடுத்தான்.

திரும்ப வந்தது.

"யப்பா, நிறுத்து," என்றான் ரஸ். தரையில் இருந்த துளையைப் பார்த்தான். "எந்தக் குடிசைடா அது?"

"இத எனக்கு யாரு வித்தான்னு நெனக்கிற?" என்றான் எமில்.

கோனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாளியின் மூடியை எடுத்துத் துளைமேல் வைத்தாள். அதன் மேல் காலையும் வைத்துக்கொண்டாள்.

"உன் பொண்டாட்டியே கேட்டுட்டு இருக்கா, ஒனக்கு என்னடா? சொல்லவா வேணாமா?"

"சொல்லித் தொலை."

இரண்டாவது தடவை லோர்ன் கரண்டியை நன்றாக உள்ளே விட்டு, கையுறையைப் பனிக்கட்டிக்கு அடியில் தள்ளினான். காத்திருந்தான். வரவில்லை.

வண்டியில் ஏறியபோது உடம்பு லேசாக இருந்தது. பை எங்கோ வழியில் விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். டார்லீன் அழுவாள். அழட்டும். பிறகு முடிந்துவிடும். சீட்டி அடித்துக்கொண்டே ஓட்டினான்.

கரை தெரிந்தது. தன் வீட்டு வாசல் விளக்கும் தெரிந்தது. அணைக்காமல் வைத்திருந்தாள்.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

கிர்ர்... கிர்ர்...

பனிக்கட்டியை இரும்பு கீறும் சத்தம். ஹாக்கி ஆடியவனுக்கு வேறெதுவாகவும் தோன்றாது. இன்ஜின் சத்தத்தை மீறித் தெளிவாகக் கேட்டது. திறந்த ஜன்னல் வழியாகத் தைல வாசனை வந்தது.

காற்று பனியைத் துடைத்துவிட்ட இடம். கண்ணாடி மாதிரித் தரை. விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில் ஒருவன் சறுக்கிக்கொண்டிருந்தான். பின்னோக்கி. முகம் இவன் பக்கம்.

லோர்ன் வேகம் கூட்டினான். அவனும் கூட்டினான். குறைத்தான். அவனும் குறைத்தான். இடைவெளி மாறவில்லை. வண்டியை நிறுத்தினான். அவனும் நின்றான். மட்டை இல்லை. இடுப்பு மட்டும் இப்படியும் அப்படியும் அசைந்தது. கையுறைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்தக் குளிரில் சொட்டு உறைந்திருக்க வேண்டும். உறையவில்லை.

வலது கண் வெளிச்சத்தில் மின்னியது. இடது கண் மின்னவில்லை. லோர்னின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால், அவன் தலைக்கு நேராக, வாசல் விளக்கு.

லோர்னுக்குப் பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம். என் வீடு. என் விளக்கு. செத்த பிறகும் நடுவில் வந்து நிற்கிறான்.

"போடா!" என்று கத்தினான். "நான் வந்து எட்டு வருஷம் ஆச்சுடா! போடா!"

அவன் போகவில்லை. கொஞ்சம் ஒரு பக்கமாக ஒதுங்கினான். ஒரே ஒரு சறுக்கு. லோர்னின் வலப்பக்கம் வழி திறந்தது. மைரானின் குருட்டுக் கண் இருக்கும் பக்கம்.

பையனாக இருந்தபோது மைரானுக்கு இரண்டு கண்ணும் இருந்தன. இப்போது இல்லை. லோர்ன் அதைத்தான் நினைத்தான். வேறு எதையும் நினைக்கவில்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்து வலப்பக்கம் ஒடித்தான். ஒரு ஸ்ப்ரூஸ் கிளை சக்கரத்தில் முறிந்தது.

தாண்டிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவை. சிரித்தேவிட்டான்.

காதருகே, ஜன்னலுக்கு வெளியே, மெல்லிய குரல்.

"வா, வா... எடம் இருக்கு பாரு."

பிறகு தோள் வந்தது. கதவில். வண்டியே பக்கவாட்டில் சறுக்கியது. முன்சக்கரங்களுக்குக் கீழே தரை இல்லை.

"வசந்தத்துல அந்த வண்டியத் தூக்கினப்ப நானும் போயிருந்தேன்," என்றான் எமில். "இடது பக்கம், ஓட்டுற எடத்துக் கதவு உள்ள அமுங்கியிருந்துது. இதோ, இந்த ஒசரத்துல." தன் தோளைத் தொட்டுக் காட்டினான்.

ஜன்னல் வழியாக லோர்ன் வெளியே வந்தான். நெஞ்சுவரை நனைந்திருந்தான். தவழ்ந்தான். எழுந்தான். வாசல் விளக்கைப் பார்த்து நடந்தான். கால்சட்டை தகரம் மாதிரி விறைத்துச் சத்தம் போட்டது. அதைத் தவிர வேறு சத்தம் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

தட்டுவதற்கு முன்பே டார்லீன் கதவைத் திறந்தாள். அவனைத் தாங்கிப் பிடித்தாள். உள்ளே இழுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஸ்கேட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

அவன் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். பின்னால் வருகிற ஒருவர் காலணிப் பனியைத் தட்டிவிட்டு உள்ளே நுழைய எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம்.

பிறகு சாத்தினாள்.

சூடான தண்ணீர், கம்பளி, விஸ்கி. எல்லாம் கொடுத்தாள். நல்ல மனைவி. கட்டிலில் படுக்க வைத்தாள். சுவரோரம் அவன். பக்கத்தில் அவள். அவள் முதுகின் சூட்டில் அவனுக்குத் தூக்கம் வந்தது.

விடியும் முன்பு ஏதோ அவனைத் தள்ளியது. அவசரமில்லாமல். கெட்டியான ஒன்று அவன் முதுகில் சாய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக, மூக்கு சுவரில் இடிக்கும்வரை.

"தள்ளிப் படு, டார்லீன்," என்றான்.

பதில் அறையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது போல இருந்தது. தூக்கக் குரல். "நான் ஓரத்துலதான இருக்கேன்."

மெல்லத் திரும்பிப் பார்த்தான். அவள் கட்டிலின் மறு விளிம்பில் படுத்திருந்தாள். முகம் அந்தப் பக்கம். ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, நடுவில், எதன் மேலோ கிடப்பது போலக் கொஞ்சம் உயரத்தில் நின்றது.

அதற்குக் கீழே மெத்தை அமுங்கியிருந்தது.

இந்தத் தடவை லோர்ன் தொட்டுப் பார்த்தான்.

ஈரம்.