கொடி நட்ட இடம்

உங்கள் அலுவலக வாசற்படியில் உப்பு தூவச் சொல்லுங்கள். நேற்றுப் பெய்த தூறல் அப்படியே உறைந்து கிடக்கிறது. எனக்கு முன்னால் ஏறிய ஒரு அம்மா கைப்பிடியைப் பிடித்ததால் தப்பித்தார், இல்லையென்றால் இடுப்பு போயிருக்கும். எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் உடனே கண்ணில் பட்டுவிடும். மரவாடியில் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது, பல வருஷமாக. என் காலத்தில் அங்கே ஒருவனுக்குக்கூட விரல் போனதில்லை.

நானாகத்தான் வந்திருக்கிறேன். வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள், வேண்டாம். போன டிசம்பரில் ஏரியில் இறந்துபோன கர்ட் ஹால்வர்சனைப் பற்றிச் சொல்ல வேண்டும். விபத்து என்று உங்கள் ஆட்கள் கோப்பை மூடிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது.

நீங்கள் தெற்கே எங்கிருந்தோ வந்தவர், எங்கள் ஃபேன்டசி லீக் எல்லாம் புரியாது என்றீர்கள். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாங்கள் பத்துப் பேர், ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஆகஸ்டு கடைசியில் எங்களில் ஒருவனான ரஸ் வீட்டுப் பின்புறம் கூடி, பீரும் மான் இறைச்சியுமாக உட்கார்ந்து, டிவியில் ஆடும் நிஜ ஃபுட்பால் ஆட்டக்காரர்களை ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மைதானத்தில் ஓடினால், பந்தைப் பிடித்தால், எங்களுக்குப் புள்ளி. வாரா வாரம் இருவர் இருவராக மோதுவோம். யாரை இறக்குவது, யாரைப் பெஞ்சில் உட்கார வைப்பது என்று ஞாயிறு மதியம் ஆட்டம் தொடங்குவதற்குள் போனில் மாற்றிவிட வேண்டும். விட்டால் விட்டதுதான்.

இதற்கெல்லாம் ஒரு தலைவர் உண்டு. ஆரம்பத்திலிருந்தே நான்தான். சண்டை வந்தால் தீர்த்து வைப்பேன். எவனாவது வேட்டைக்குப் போய்க் காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிட்டுச் சொல்வான், அவன் அணியில் நான் ஆள் மாற்றி வைப்பேன். அந்த வாரம் அவன் மோதுவது என்னோடு என்றாலும் மாற்றி வைப்பேன். எங்களுக்குள் அப்படியொரு வழக்கம். அதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. என் மனைவி போன பிறகு வீட்டில் எனக்கு வேறு வேலையும் இல்லை. என் வாரமே ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பிக்கும்.

கடைசி இடத்துக்கு வருபவனுக்கு ஒரு தண்டனை வைத்திருந்தோம். பிளே ஆஃப் என்கிற இறுதிச் சுற்று தொடங்குவதற்கு முந்தைய வாரத்தோடு அது முடிவாகிவிடும். தோற்றவன் ரஸ் வீட்டு இரும்புச் சட்டம் போட்ட சாய்வு நாற்காலியைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, உறைந்த ஏரிக்குள் கொடி நட்ட இடம்வரை இழுத்துப் போக வேண்டும். அரைக்கால் சட்டையும் கூலிங் கிளாஸுமாக அதில் உட்கார்ந்து, தன்னைக் கைவிட்ட ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்ட வேண்டும். நாங்கள் கரையில் நின்று சிரிப்போம். ஐஸைத் துளைத்துப் பார்த்துக் கொடி நடுவது என் வேலை. இன்னொன்று, கடைசியாக வந்தவன் அடுத்த வருஷம் தலைவராக முடியாது. அதையும் நான்தான் கொண்டுவந்தேன்.

போன வருஷம் ஆகஸ்டில் ரஸ் விளையாட்டாக ஆரம்பித்தான்.

“டேய் நீலு, நீ தலைவரா இருந்தா ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போற மாதிரியே இருக்குடா. அடுத்த வருஷம் கர்ட்டு பார்க்கட்டுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கர்ட் மட்டும், “ஐயோ சாமி, எனக்கு என் சாக்ஸ் ஜோடியே சேர மாட்டேங்குது, என்னை விடுங்கடா” என்றான். ஆனால் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

கர்ட்டை நீங்கள் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் தெருவில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். காசு கேட்காமலே பாதி ஊரின் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போவான், என் வாசல் உட்பட. அவனை யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடிக்கும். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

கடைசி வாரம் வந்தபோது பட்டியலின் அடியில் கர்ட்டும் நானும் சரிசமமாக நின்றோம். மோதுவதும் நாங்கள் இருவர்தான். தோற்பவன் ஏரிக்கு. நான் தோற்றால் தலைவர் பதவியும் போகும், என் விதியாலேயே போகும். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் சரியில்லை. ஐம்பது வயதை நெருங்கும் மனிதன் இதற்கா தூங்காமல் கிடப்பான் என்று நினைப்பீர்கள். கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கர்ட் கூப்பிட்டான். மகளின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது.

“தலைவரே, ஒரு உதவி. என் ஓட்டக்காரனுக்குக் கணுக்கால் பிசகிடுச்சாம், இன்னிக்கு இறங்க மாட்டான். அவனைத் தூக்கிட்டு அந்தப் புதுப் பையனைப் போட்டுடு. இங்க சிக்னல் வர்றதும் போறதுமா இருக்கு.”

“சரி, போட்டுடறேன்.”

“உன்னைத் தோற்கடிக்க உன்னையே ஆள் போடச் சொல்றேன் பாரு. என் கொழுப்பைப் பார்த்தியா?”

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். போடத்தான் நினைத்தேன். போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் ஆட்டம் தொடங்கியது. நான் மறக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

கணுக்கால் பிசகியவன் பூஜ்யம். புதுப் பையன் அன்றைக்குப் பேய் மாதிரி ஓடினான், ஆனால் கர்ட் அணியில் அவன் பெஞ்சில் இருந்ததால் அந்தப் புள்ளி எதுவும் சேரவில்லை. மறுநாள் மாலை கடைசி ஆட்டத்தை ரஸ் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். கடைசி நிமிஷத்தில் என் ஆள் ஒருவன் பந்தைப் பிடித்தான், கர்ட்டை மூன்று புள்ளியில் தாண்டினேன். ரஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

“நொண்டிக் குதிரையை எவனாவது இறக்குவானாடா? கண்ணு எங்க போச்சு உனக்கு?”

கர்ட் என்னைப் பார்த்தான். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

“மறந்துட்டேன்டா. பொண்ணு கோல் போட்டுட்டா, அந்தக் குஷியில எல்லாம் மறந்து போச்சு” என்றான்.

அந்தப் பார்வைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவன் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன், திட்டு வாங்கியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவன் என்னைக் காப்பாற்றினான். யாரும் என்னைக் காப்பாற்றிப் பழக்கமில்லை எனக்கு. என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்து நீட்ட ஒன்றை அவன் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டான் என்றுதான் எனக்குப் பட்டது.

அந்த வார நடுவில் ரஸ் காலைச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குக் கூப்பிட்டான். முட்டையை வெட்டிக்கொண்டே சொன்னான்.

“பசங்க எல்லார்கிட்டயும் பேசிட்டேன்டா. கடைசியா வந்தவன் தலைவராகக் கூடாதுங்கிற விதியைத் தூக்கிடலாம்னு இருக்கோம். பாவம்டா கர்ட்டு, ஒரு வார்த்தை முனகல பாரு. நீயும் எத்தனை வருஷம்தான் சுமப்பே? ரெஸ்ட் எடு.”

நல்ல யோசனை என்றேன். என் தட்டுக்கும் சேர்த்து அவனே காசு கொடுத்தான்.

மறுநாள் ஐஸைப் பார்க்கப் போனேன். படகுத் துறைக்கு நேராக மூன்று இடத்தில் துளைத்தேன். நல்ல கெட்டி, ஒரு சாணுக்குக் குறைவில்லை. அதைத்தான் ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தப் படம் உங்கள் கோப்பிலும் இருக்கிறது. வழக்கமாகக் கொடி அங்கேதான் நிற்கும். இந்தத் தடவை இடது பக்கமாகத் தள்ளி நட்டேன். கரையில் நிற்பவர்களுக்கு வெயில் கண்ணில் அடிக்காது, படமும் நன்றாக வரும் என்று சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. ஐஸ் விஷயத்தில் என் பேச்சுதான் கடைசிப் பேச்சு.

சனிக்கிழமை கர்ட் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனான். பூப்போட்ட அரைக்கால் சட்டை, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. ஒவ்வொரு ஆட்டக்காரனாகப் பெயர் சொல்லித் திட்டினான். கணுக்கால்காரன் முறை வந்ததும் எழுந்து நின்று நொண்டி நொண்டி ஆடிக் காட்டினான். ரஸ் சிரித்துச் சிரித்து முழங்காலில் விழுந்துவிட்டான். அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் கோப்பில் இருக்கிறதே.

அவன் அணியை நாங்கள் கலைக்கவில்லை. இந்த வருஷமும் அது லீக்கில் ஆடியது. தலைவர் என்ற முறையில் வாரா வாரம் நான்தான் ஆள் போட்டேன். ஒரு வாரம்கூடத் தவறவில்லை. ஞாயிறு மதியம் நெருங்கும்போது சட்டைப் பையில் போன் அதிரும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. போனைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். அப்போதும் நெஞ்சில் அதிர்ந்தது. வீடு ஏரிக்கரையில் இருக்கிறது. குளிர் ஏற ஏற ஐஸ் விரிந்து முனகும், சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான். இந்த வருஷம் அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்தேன். பயமாக இருந்தது, ஐயா. சொல்ல வெட்கம் என்ன இருக்கிறது, பயந்து செத்தேன்.

இந்த வருஷக் கடைசி வாரம் கர்ட்டின் அணிக்கும் என் அணிக்கும்தான் மோதல். அவனுக்கு நல்ல ஆட்களாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். தோற்றேன், கடைசி இடத்துக்கும் வந்தேன். ஏரித் தண்டனையை இப்போது எடுத்துவிட்டோம். கடைசியாக வந்தவன் கர்ட்டின் மனைவி ஜோலினுக்கும் மகளுக்கும் ஒரு நாள் சமைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நேற்று மாலை போனேன். கொத்துக்கறியின்மேல் உருளைக்கிழங்கு அடுக்கி, வேக வைத்து எடுத்துப் போயிருந்தேன். மகள் சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனதும் ஜோலின் தட்டை நகர்த்திவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“நீலு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவர் உனக்குப் போன் பண்ணும்போது நான் பக்கத்துலதான் இருந்தேன்.”

கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன், அவள் விடவில்லை.

“நீ மறந்துட்டேன்னு தெரியும். திரும்பி வரும்போது கார்ல சொன்னாரு, நீலு பாவம், பொண்டாட்டி போனதுலேர்ந்தே அவன் மனசு ஒரு நிலையில இல்ல, இதை யார்கிட்டயும் சொல்லாதே, தெரிஞ்சா ஓட்டியே கொன்னுடுவானுங்க அவனைன்னாரு. அதையே நினைச்சு இத்தனை நாள் நீ இளைச்சுப் போயிட்டே. போதும், விட்டுடு. அவர் மனசுல உன்மேல ஒரு துளி கோவம் இல்ல.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவன் எதையும் பையில் போட்டு வைத்திருக்கவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று மனதார நம்பியிருக்கிறான். என்மேல் இரக்கப்பட்டிருக்கிறான், முட்டாள். அதனால்தான் உங்களிடம் வந்தேன்.

கோப்பில் இல்லாததைச் சொல்லிவிடுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நான் துளைத்தது மூன்று இடத்தில் இல்லை, நாலு. நாலாவது, ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்தில். அங்கே அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஐஸ் கெட்டிப்படாது. மேலே பனி மூடிவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். அன்று மூன்று விரல் கனம் இருந்தது. நின்றால் என்னையே தாங்காது, பலகை போட்டு அதில் படுத்துத்தான் துளைத்தேன். அந்தத் துளையில்தான் கொடியை நட்டேன்.

இடுப்புவரை நனைந்து, நடுங்கிக்கொண்டு, எல்லோரும் சிரிக்க அவன் கரையேற வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒருமுறையாவது அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும், அவனோடு சேர்ந்து சிரித்தது போதும் என்று. ஆனால் அங்கே ஆழம் இரண்டு ஆள் உயரம். அதுவும் எனக்குத் தெரியும்.

நாற்காலிதான் முதலில் போனது. அவன் ஐஸ் விளிம்பில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டான். அத்தனை பேர் கரையில் நிற்க, என்னைத்தான் கூப்பிட்டான். தலைவரே என்று இல்லை, நீல் என்று. ரஸ் வயிற்றால் ஊர்ந்து கொஞ்ச தூரம் போனான், ஐஸ் விரிசல் விடவும் திரும்பி வந்து, “கயிறு எங்கடா, கயிறு?” என்று கத்தினான். வண்டியில் இருக்கிறது என்றேன். மேட்டில் நின்ற வண்டியை நோக்கி ஓடினான். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

கயிறு என் காலடியில் இருந்தது. காலால் பனியைத் தள்ளி அதை மூடியிருந்தேன், அதன் மேலேயே நின்றேன். கர்ட்டும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு முழங்கை வழுக்கியது, பிறகு மற்றது. தண்ணீர் அசைவது நின்றதும், “கிடைச்சிடுச்சு, இங்கதான் இருக்கு” என்று சத்தம் போட்டு எடுத்து வீசினேன். குறி தவறாமல் சரியாக அந்த இடத்தில் போய் விழுந்தது. மற்றவர்கள் வருவதற்கு முன்பே வீசிவிட்டேன். அன்று அவனைக் காப்பாற்றக் கயிறு வீசியவன் நான் ஒருவன்தான், அதையும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.