மூன்றாம் மாடியில் மூச்சு

சென்சாரைத் தப்பான இடத்தில் மாட்டியவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், அப்புறம் யாரும் சிரிக்கக்கூடாது. நெருங்கி உட்காருங்கள். அந்தக் கதவை மட்டும்... சாத்த வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் இரண்டு மணி. ஈ காக்காய் இல்லாத சாலை, அதன் கடைசியில் ஒரு கண்ணாடிக் கட்டடம். பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் கொடுக்க மறுநாள் ஆட்கள் வருகிறார்கள். அறைக்கு அறை கார்பன் டை ஆக்சைடு சென்சார் மாட்டியது நான். நாம் விடும் மூச்சைத்தான் அது அளக்கும்; அறையில் ஆள் இருந்தால் எண் ஏறும். அதனால் உட்கார்ந்தவன் மூக்கு உயரத்தில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி மாட்ட வேண்டும். மூன்றாம் மாடி மீட்டிங் அறையில் மட்டும், புதுக்காற்று வரும் துவாரத்தை ஒட்டி மாட்டியிருந்தேன். எப்போது பார்த்தாலும் நானூற்று இருபது. மலை உச்சிக் காற்று!

பென்சிலால் குறி போட்டுக் கொடுத்தவர் மச்சான், என் மனைவியின் அண்ணன். வேலை கொடுத்தவரும் அவரே. காற்று நன்றாக இருக்கிறது என்ற தாளில் கையெழுத்து மட்டும் என்னுடையது.

மனசு உறுத்தியது. அவரிடம் சொல்லாமல் போய், எதிர்ச்சுவரில் மாற்றி மாட்டினேன். அறையைப் பூட்டிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியே எண்ணைப் பார்த்தேன்.

ஐந்நூறு... அறுநூற்றைம்பது... நான் விட்ட மூச்சின் மிச்சம் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தால், ஆயிரத்து நூறு. உள்ளே வெறும் நாற்காலிகள். கதவிடுக்கில் வியர்வை நாற்றம். கண்ணாடியின் அடியில், உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி... படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது.

போன் போட்டேன்.

“மச்சான், மூணாவது மாடியில நம்பர் ஏறுது...”

“அதை ஏன் மாப்ளே தொட்ட? பழைய இடத்துலயே மாட்டு.”

“உள்ள யாரோ மூச்சு விடுறாங்க மச்சான்.”

“வெயில்ல போனியா? தலையில தண்ணிய ஊத்து.”

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவர் குறி தப்பவில்லை. தெரிந்தே போட்ட குறி. தங்கை புருஷன் என்றுகூடப் பார்க்காமல், என் கையெழுத்தை எதன் மேலோ போர்த்தியிருக்கிறார்.

“உங்க தங்கச்சி மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. யாரு உள்ள?”

அவர் குரல் இறங்கியது.

“பெயிண்டர் ஒருத்தன், மாப்ளே. போன பொங்கலுக்கு இங்கயே செத்தவன். மூலையில அசந்து தூங்கியிருக்கான். காத்து மெஷின நிறுத்தி, விளக்க அணைச்சு, உள்ள பாக்காம நாலு நாள் லீவுக்குப் பூட்டினது நான்தான். படி இறங்கும்போது தட்டுற சத்தம் கேட்டுச்சு... பைப்புன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.”