ஓடைக்கு அந்தப் பக்கம்

மாலை ஆறு மணி. பனி உருகும் பருவம். காட்டுக்குள் ஏறும் சைக்கிள் பாதையில் ஒரே ஒரு ஆள்… நடந்து போகிறார். சைக்கிள் பாதையில் எதற்கு நடை என்று கேட்பீர்கள். அவர் வேலையே அதுதான்.

என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். நாங்களும் அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். பாதையை இன்னும் ஏன் திறக்கவில்லை என்று சாப்பிடும்போது ஆளாளுக்குக் குதித்தீர்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். அங்கே யார் சிரிப்பது? சிரித்துக்கொள். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

குளிர்காலம் முழுக்க அந்தப் பாதை மூடியிருக்கும். பனி உருகியதும் அத்தான் முழுப் பாதையையும் நடந்து பார்க்க வேண்டும். பத்தடிக்கு ஒரு முறை குதிகாலை ஊன்றுவார். புதைந்தால் ஈரம்… பாதை மூடியே இருக்கும். புதையாவிட்டால் கீழே வந்து பலகையைத் திருப்பி வைப்பார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. ஊரில் சைக்கிள் வைத்திருக்கிற எல்லோருக்கும் அந்தப் பலகைதான் வேதவாக்கு.

பாதி வழியில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் வெயில் முகம், சீக்கிரம் காய்ந்துவிடும். அந்தப் பக்கம் மலையின் நிழல். அங்கே சருகுக்கு அடியில் பனிக்கட்டி ஒளிந்துகொண்டிருக்கும். மேலே பார்த்தால் தெரியாது.

நான் சொன்ன அந்த மாலைக்கு முந்தைய வருடம் அத்தான் ஓடையைத் தாண்டவில்லை. முட்டி வலி. இந்தப் பக்கம் காய்ந்திருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் என்ன ஆகிவிடும் என்று திரும்பி வந்தவர், பலகையைப் பச்சைக்குத் திருப்பிவிட்டார்.

அன்று மதியம் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி முதல் ஆளாக ஏறினாள். பலகைக்குப் பக்கத்தில் அத்தானைப் பார்த்து, "அண்ணே, மேல வரைக்கும் காஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"ஜம்முனு இருக்கும்மா. போயிட்டு வா."

வரவில்லை. இரவெல்லாம் மழை கொட்டியது. காலையில் நிழல் பக்கத்து வளைவுக்குக் கீழே, பள்ளத்தில் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். பனிக்கட்டியை மழை சுத்தமாகக் கழுவிவிட்டிருந்தது. விசாரிக்க வந்தவர்களிடம் அத்தான் சொன்னார்: "கடைசி வரைக்கும் நடந்து பாத்தேங்க. காஞ்சுதான் இருந்துச்சு."

அந்தப் பொய்யோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. டீச்சருக்கு ஒரு தம்பி. சைக்கிள் கடை வைத்திருந்தான். முந்தின நாள் அக்காவின் சைக்கிளுக்குப் புது பிரேக் கட்டை மாட்டிக் கொடுத்தவன் அவன்தான். பாதை காய்ந்திருந்தது என்றால்… பிரேக் பிடிக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படித்தான் அவன் நினைத்தான். கடையை மூடினான். அக்காவின் சைக்கிளைச் சுவரில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அத்தானுக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு வருடம் போனது. மறுபடியும் பனி உருகியது. தம்பி வந்து நின்றான்.

"பாதை காஞ்சதும் சொல்லுங்கண்ணே. அவ சைக்கிள்லயே போயி, அதே வளைவுல பிரேக்கப் பிடிச்சுப் பாக்கப் போறேன். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு போகட்டும்."

அந்த மாலைதான் நான் சொன்ன ஆறு மணி. அத்தான் ஓடை வரை வந்தார். நின்றார். இவ்வளவுக்குப் பிறகும், பாருங்கள், அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லை. திரும்பினார்…

டிக்… டிக்… டிக்… டிக்.

மிதிக்காமல் உருட்டிக்கொண்டு வரும் சைக்கிளின் சத்தம். முதுகுக்குப் பின்னால், ஓடைப் பக்கமிருந்து. வழி விட்டு ஒதுங்கினார். யாரும் கடந்து போகவில்லை. சத்தம் மட்டும் அவர் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அழுத்திப் பிடித்த பிரேக் கட்டை கருகும் வாசனை. கூடவே ஈர மண்.

அத்தான் ஓடையைத் தாண்டினார். அவர் நடந்தால் பின்னால் டிக், டிக். நின்றால் அதுவும் நிற்கும். வளைவு வரை அவரை விரட்டிக்கொண்டே போனது. அங்கே குனிந்து சருகை விலக்கினார். அடியில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதாராம்.

நேராகத் தம்பியின் கடைக்குப் போனார். கதவைத் தட்டினார். உள்ளே போய் நின்றபடியே சொன்னார்.

"அன்னைக்கு நான் ஓடையைத் தாண்டவே இல்லப்பா. அங்க பனி இருந்திருக்கு. நீ மாட்டுன பிரேக்ல ஒரு குறையும் இல்ல."

தம்பி தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான். பிறகு, "ஒரு வருஷமாண்ணே… என் கையப் பாத்தாலே எனக்கு வெறுப்பா இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்பார் அத்தான்.

அப்போது சுவரில் மாட்டியிருந்த சைக்கிள்… கிர்ர்ர் என்றது.

இருவரும் பார்த்தார்கள். ஹேண்டில்பாரில் பிரேக் பிடி மெல்ல உள்ளே போனது. முழுசாக. யாரோ உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அழுத்துவது போல. தம்பி எழுந்து போய்ச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினான். அசையவே இல்லை.

"போதும்க்கா" என்றான். சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். "பிடிச்சுது. தெரிஞ்சுக்கிட்டேன். விட்டுரு."

பிடி தளர்ந்தது. சக்கரம் தானாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அத்தான் மூச்சு விட்டார். அப்பாடா என்று கதவுப் பக்கம் திரும்பினார்… அவர் வலது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஜில்லென்று.

தம்பி இப்போது கடையைத் திறந்துவிட்டான். நன்றாக இருக்கிறான். அத்தானும் விசாரித்தவர்களிடம் போய் உண்மையைச் சொன்னார், வேலையை விட்டார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார்.

போன வாரம் நண்பன் வீட்டில் அவரைப் பார்த்தேன். கை கொடுத்தேன். பனிக்கட்டியைத் தொட்டது போல இருந்தது. சட்டென்று என் கையை எடுத்துக்கொண்டேன்.

அவர் கை கீழே இறங்கவில்லை. நீட்டியபடியே காற்றில் நின்றது. அவர் சங்கடமாகச் சிரித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. சில நேரம் விடுறதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."