முறிமருந்தில் பாதி

எனக்கு இனிப்பில் பெரிய நாட்டம் கிடையாது, ஐயா. பால்கோவாவுக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கள் பால்மிராவில் இதய அறுவை முடிந்து பிழைத்தவர் வீட்டிலிருந்து சுரைக்குடுக்கை நிறையப் பால்கோவா வரும். எல்லாம் அறுவை மருத்துவன் ஃபாப்ரிசியோவுக்கே வரும். ரத்தம் சிந்தாத கை என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. நான் பத்தொன்பது வருடமாக மயக்க மருந்து கொடுக்கிறேன். குடுக்கையோடு வரும் சீட்டில் என் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிடும்போது அது உறையாமலிருக்க ஹெப்பரின் போடுவோம். வேலை முடிந்ததும் அதை முறிக்கப் புரோட்டமின். முறிக்காவிட்டால் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் கசியும். அந்த ஊசி என் கையில். புகழ் மட்டும் அவன் கைக்கு. வயிறெரிந்தது, மறைக்கவில்லை.

ரத்தத்தை நிறுத்துவதில் என் ஊசிக்கும் பங்குண்டு என்று ஒருநாள் அவனிடமே சொன்னேன். எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

"எவேலியோ அண்ணே, நீங்க தூங்க வச்சா போதும். ரத்தத்த என் கை பாத்துக்கும்."

பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் அறுவை அறையில் ஒரு வழக்கம் உண்டு. முறிமருந்து பாதி போனதும் "பாதி" என்று உரக்கச் சொல்வேன். இயந்திரம் பார்க்கும் நிதியா, சிந்தும் ரத்தத்தை அதற்குள் இழுக்கும் குழாயை மூடிவிட்டு, "பாதி, உறிஞ்சுறத நிறுத்தியாச்சு" என்பாள். பிறகு நான் "முழுசும்" என்பேன். அவளும் "முழுசும்" என்று எழுதிக்கொள்வாள். ஊசியை யாரும் பார்ப்பதில்லை. ரத்தம் உறையும் நேரத்தை அளந்து சொல்வதும் நான்தான்.

மூன்று பேருக்குப் பாதியோடு நிறுத்திவிட்டு "முழுசும்" என்றேன். அவன் வியர்த்து வழிந்து தையல்மேல் தையல் போட்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அரைமணி பொறுத்து, மீதியை நானே செலுத்தினேன். ரத்தம் நின்றது.

"பாத்தீங்களா என் கைய" என்றான்.

நான்காவது, ஒப்துலியா அம்மாள். ஓய்வுபெற்ற ஆசிரியை. மயங்குவதற்கு முன் என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் முழிச்சதும் மொதக் குடுக்கை ஒங்களுக்குத்தான்."

அந்த நேரத்தில் எல்லோரும் ஏதாவது சொல்வார்கள்.

அன்று, அவன் கேட்காமல் மீதியைத் தருவதில்லை என்று இருந்தேன். ஒன்றரை மணி நேரம் கசிந்தது. ஏற்றிய ரத்தமெல்லாம் வெளியே வந்தது. கடைசியில், நின்றுபோன இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டே என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, ஒங்க மருந்து இன்னும் கொஞ்சம் குடுங்கண்ணே."

உங்கள் மருந்து என்றான். எல்லோர் காதிலும் விழுந்தது. மீதி ஊசி என் பையிலேயே இருந்தது. விதிப்படி மெதுவாக, பத்து நிமிடம் எடுத்துச் செலுத்தினேன். அவன் பிசைந்துகொண்டே இருந்தான். பலனில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் கேட்டவுடனே கொடுத்தேன், அதையும் எழுதுங்கள்.

மறுவாரம் அந்த அம்மாளின் மகள் ஒரு குடுக்கை கொண்டுவந்தாள். அறுவைக்குப் போகும் முன்பே தாயார் சொல்லி வைத்திருந்தாராம். என் வீட்டைச் சோதித்தபோது உங்கள் ஆட்கள் அதையும் எடுத்துப்போய்விட்டார்கள். தயவுசெய்து திருப்பித் தரச் சொல்லுங்கள், ஐயா. சீட்டில் என் பெயர்தான் இருக்கிறது.