கூண்டுக்குள் முதலில் போனவர்

"எங்காத்துல கூண்டுக்குள்ள முதல்ல போனது நான்தான்!"

காளிகாட்டில் மெட்ரோ ஏறியதும் வங்காளப் பேச்சுக்கு நடுவே காதில் விழுந்தது தமிழ். திரும்பிப் பார்த்தேன். பெண்கள் இருக்கையில் அறுபதைத் தொட்ட இரண்டு சிநேகிதிகள். சொன்னவர் நீலப் பருத்திப் புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நாய்க்குட்டிக்குன்னு வாங்கின கூண்டுன்னா அது!"

"ஆமாம். உள்ள விட்டுக் கதவைச் சாத்தினா ஒரே ஊளை. கதவைத் திறந்து வெச்சுச் சாப்பாட்டை உள்ள வெச்சா, எட்டிக்கூடப் பார்க்கல. சரின்னு நானே தலைய உள்ள விட்டுண்டு, அது பார்க்கப் பார்க்க பிஸ்கட் தின்னேன்."

"உன் முழங்கால் வலியோடயா?"

"பக்கத்து ஃபிளாட் பெங்காலி மாமி பார்த்துட்டு, நான் மயங்கி விழுந்துட்டேன்னு கத்தி எல்லாரையும் கூட்டிட்டா. கூட்டட்டுமே. கொஞ்ச நாள்ல குட்டியும் என் பின்னாடியே உள்ள நுழைஞ்சுது."

"இப்போ தானா போறதா?"

"காளி பூஜையன்னிக்கு வெடிச் சத்தத்துல எங்க பில்டிங் நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில நடுங்கித்து. எங்க குட்டி நேரா தன் கூண்டுக்குள்ள போய்ப் படுத்துண்டுடுத்து. யாரும் சொல்லல, தெரியுமோ?" பெட்டி முழுவதும் கேட்கும்படிதான் சொன்னார்.

"அது சரி, உனக்கே வெடின்னா உதறுமே. நீ என்ன பண்ணினே?"

"நானும் போய்த் தலைய உள்ள விட்டுண்டேன். தள்ளிப் படுத்து எனக்கு இடம் விட்டுதுடி!"